பிடுங்கிய பல்லும் பிடிமானமும்

சேலையூர் அகரம் சாலையில் உள்ள பாரத் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் 1984இல் ஒரு பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது. அதன் பல் மருத்துவக் கல்லூரியான ஸ்ரீ பாலாஜி, அங்கிருந்து வேளச்சேரி போகும் வழியில், பள்ளிக்கரணை நாராயணபுரத்தில் இருக்கிறது. கேளம்பாக்கத்தில் செட்டிநாடு, வண்டலூரை அடுத்த ரத்தினமங்கலத்தில் தாகூர், இன்னும் தெற்கே காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். என்று தாம்பரத்தைச் சுற்றிப் பல் மருத்துவக் கல்லூரிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. எம்.டி.எஸ். படிக்கும் ஒவ்வொருவரும் மூன்றாண்டுக்குள் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். பல் அடைக்கும் பொருள்களை ஆராய முடிவெடுத்தவருக்கு நாற்பது, அறுபது, சில சமயம் நூறு பற்கள்கூடத் தேவைப்படும். ஆகவே பிடுங்கிய பல் இந்தப் பக்கத்தில் பலரும் தேடுகிற ஒரு பண்டம்.

எந்தப் பல்லும் ஆகாது. சொத்தை விழுந்து பாதி கரைந்துபோன கடைவாய்ப்பல்லை வைத்துக்கொண்டு எனாமலைச் சோதிக்க முடியாது. கீறல் இருக்கக் கூடாது, ஏற்கெனவே அடைத்திருக்கக் கூடாது. நல்ல பல்லை யார் பிடுங்குவார்கள்? கிளிப் போடுகிறவர்கள் பிடுங்குவார்கள். தாடையில் இடமில்லாமல் பற்கள் முண்டியடித்து நிற்கும்போது, கோரைப்பல்லுக்கு அடுத்த முன்கடைவாய்ப்பல்லை மேலே இரண்டு, கீழே இரண்டு என எடுத்துவிட்டு மற்றவற்றை வரிசைப்படுத்துவது வழக்கம். பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைகளின், பெரும்பாலும் பழுதே இல்லாத பற்கள் இவை. உலகெங்கும் எனாமல் ஆராய்ச்சியில் பாதிக்கு மேல் இந்தப் பிள்ளைகளின் தயவில்தான் நடக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. "சிஸ்டர், பிரீமோலார் வந்தா ஃபார்மலின்ல போட்டுறாதீங்க, எனக்கு எடுத்து வைங்க" என்று அறுவைத் துறை வாசலில் சொல்லிவைக்காத பி.ஜி. மாணவர் குறைவு.

ஃபார்மலின் ஏன் ஆகாது? அது புரதங்களைக் கோத்து இறுக்கிவிடும். பிறகு அளக்கப்படுவது பல்லின் இயல்பாக இருக்காது. சர்வதேசத் தர நிறுவனத்தின் வழிகாட்டி குளோரமின்-டி என்னும் கிருமிநாசினியின் 0.5 சதவீதக் கரைசலைச் சொல்கிறது. அதில் ஒரு வாரம் வரை வைத்திருந்து, பிறகு காய்ச்சி வடித்த நீரில், குளிர்பதனப் பெட்டியில் பாதுகாக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். நடுவில் ஒருமுறைகூடக் காய்ந்துபோகக் கூடாது.

உயிருள்ள வாய்க்குப் பதிலாகப் பாட்டிலில் கிடக்கும் பல்லைச் சோதிப்பது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்கலாம். எனாமலைப் பொறுத்தவரை, ஆச்சரியமாக, இல்லை. எனாமலைக் கட்டும் அமிலோபிளாஸ்ட் என்ற செல்கள், பல் ஈறைக் கிழித்து வெளியே வருவதற்குள் வேலையை முடித்துவிட்டு அழிந்துபோகின்றன. எடைக்கணக்கில் ஏறத்தாழ 96 சதவீதம் ஹைட்ராக்சி அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் தாது. மீதி தண்ணீரும் துளி புரதமும். எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். எனாமலில் அப்படிச் சீர்செய்ய ஒரு செல்கூட இல்லை. உங்கள் வாயில் இப்போது இருக்கும் எனாமலும் உயிரற்றதுதான். பாட்டிலுக்குள் போனதால் அது புதிதாக இழப்பது, மேலே ஓடிக்கொண்டிருந்த எச்சிலை மட்டும். எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் கதை வேறு. அதன் நுண்குழாய்களில் திரவம் ஓடுகிறது, அடியில் நரம்பும் ரத்தமும் இருக்கின்றன. பிடுங்கிய நொடியிலிருந்து அது வேறு பொருளாகத் தொடங்கிவிடுகிறது. ஆய்வறிக்கை ஒன்றைப் படிக்கும்போது 'எனாமலா, டென்டினா?' என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். முதலாவது என்றால் கொஞ்சம் நம்பிக்கையோடு படிக்கலாம்.

எனாமலின் உட்கட்டமைப்பு விளக்குமாற்று ஈர்க்குகளை நெருக்கிக் கட்டியது போல இருக்கும். ஒவ்வொரு ஈர்க்கும் ஏறத்தாழ 5 மைக்ரான் அகலம். டென்டின் எல்லையிலிருந்து மேற்பரப்பு வரை நீள்கிறது. கடைவாய்ப்பல்லின் மேட்டில் இந்த அடுக்கு இரண்டரை மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும், கழுத்துப் பக்கம் போகப்போக மெலிந்துவிடும். உடலிலேயே கடினமான பொருள். ஆனால் அமிலத்துக்கு ஆகாது. வாயின் பிஎச் அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் தாது கரையத் தொடங்குகிறது. சர்க்கரையைத் தின்ற பாக்டீரியா அந்த அளவுக்கு அமிலத்தைச் சில நிமிடங்களிலேயே சுரந்துவிடும். சொத்தை என்பது இந்தக் கரைதலின் கணக்கு, எச்சில் திருப்பித் தரும் தாதுவின் கணக்கை விஞ்சிவிட்ட நிலை.

சொத்தையைச் சுரண்டிய குழியில் எதை வைத்து அடைப்பது என்பதைவிட, அடைத்தது எப்படி நிற்கும் என்பதுதான் பல் மருத்துவத்தின் பழைய தலைவலி. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கோலோச்சிய அமால்கம், பாதிக்குப் பாதி பாதரசமும், வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த தூளும் சேர்ந்த கலவை. அது பல்லோடு ஒட்டாது. வாய் குறுகி அடி அகன்ற குழியாக வெட்டி, உள்ளே திணித்து, வெளியே வர முடியாதபடி சிறைவைத்தார்கள். அதற்காக நல்ல பல்லையும் சேர்த்து வெட்ட வேண்டியிருந்தது. பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் இணைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் அமால்கத்தைத் தடை செய்துவிட்டது. நம் கிளினிக்குகளில் பல் நிறத்திலேயே அடையுங்கள் என்று நோயாளிகளே கேட்க ஆரம்பித்து வெகுகாலமாகிறது.

பல் நிறப் பொருளை நிற்க வைத்தவர், அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஈஸ்ட்மன் பல் மருந்தகத்தில் வேலை பார்த்த மைக்கேல் புவனகோர். உலோகத்தில் பெயின்ட் ஒட்டுவதற்கு முன்னால் பாஸ்பாரிக் அமிலத்தால் துடைப்பது தொழிற்சாலைகளில் வழக்கம் என்பது அவர் கண்ணில் பட்டது. அதையே பல்லில் செய்து பார்த்தார்: 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம், 30 விநாடி, பிறகு கழுவி உலர்த்தி அக்ரிலிக். 1955இல் வெளியான அந்தக் கட்டுரை சில பக்கங்கள்தான். சோதனையைத் தன்னார்வலர்களின் முன்பற்களில் நேரடியாகச் செய்திருந்தார். இன்று ஆய்வகத்தில் பாட்டில் பாட்டிலாகப் பற்களைத் தின்னும் ஒரு துறை, மனித வாயில் செய்த சோதனையிலிருந்துதான் தொடங்கியது. அமிலத்தைக் கண்டு பல் மருத்துவர்கள் மிரண்டார்கள். சொத்தையை உண்டாக்குவதே அமிலம்தானே? ஒரு தலைமுறை கழித்தே அது அன்றாட வழக்கமானது.

அமிலம் செய்வது என்ன? ஈர்க்குகளின் நடுவையும் ஓரத்தையும் வெவ்வேறு வேகத்தில் அரித்து, வழவழப்பான மேற்பரப்பைச் சில பத்து மைக்ரான் ஆழத்துக்குத் துளை துளையாக்குகிறது. இதற்கு எட்ச் என்று பெயர். திரவ ரெசின் அந்தத் துளைகளுக்குள் இறங்கிக் கெட்டியாகிப் பல்லாயிரம் வேர்களாகப் பிடித்துக்கொள்கிறது. இன்று 37 சதவீத அமிலம் ஜெல் வடிவில் வருகிறது. நோயாளி நாற்காலியில் படுத்துக்கொண்டு பார்க்கும் அந்த நீல நிற ஊசி அதுதான். கழுவி உலர்த்தியதும் பல் சுண்ணாம்பு வெள்ளையாக மங்கினால் எட்ச் ஆகிவிட்டது என்று மருத்துவர் கண்ணாலேயே தெரிந்துகொள்வார். உள்ளே வைக்கும் பல் நிறப் பொருளான காம்போசிட்டுக்கு அடிப்படையான பிஸ்-ஜிஎம்ஏ ரெசினை வாஷிங்டனில் இருந்த ரஃபேல் போவன் உருவாக்கி 1962இல் காப்புரிமை பெற்றார். லண்டன் அரசு வேதியியலாளர் ஆய்வகத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் 1969இல் இன்னொரு வழியைக் கண்டார்கள்: கண்ணாடித் தூளையும் பாலிஅக்ரிலிக் அமிலத்தையும் குழைத்தால் கிடைக்கும் கிளாஸ் அயனோமர். எட்ச் பண்ணத் தேவையில்லை. பல்லின் கால்சியத்தோடு அதுவே வேதிப் பிணைப்பு வைத்துக்கொள்ளும், கொஞ்சம் கொஞ்சமாக ஃப்ளூரைடும் கசியும். கிளினிக்கில் ஜிஐசி என்பார்கள்.

இனி ஆய்வகத்துக்குள் போகலாம். பல்லின் வேரை வெட்டி நீக்கிவிட்டு, மகுடத்தை அக்ரிலிக் கட்டியில் புதைக்கிறார்கள், எனாமல் முகம் மட்டும் மேலே தெரியும்படி. 600 நம்பர் சிலிக்கன் கார்பைடு தாளில், தண்ணீர் ஓட, தேய்த்துச் சமதளமாக்குகிறார்கள். எட்ச், கழுவல், பாண்டிங் என்னும் திரவ ரெசின், அதன்மேல் சிறு அச்சுக்குள் காம்போசிட், 470 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளி. 37 டிகிரி நீரில் ஒரு நாள் ஊறல். பிறகு 5 டிகிரித் தொட்டிக்கும் 55 டிகிரித் தொட்டிக்கும் மாறி மாறி ஐந்நூறு முறை, ஆயிரம் முறை, பத்தாயிரம் முறை முக்கி எடுக்கிறார்கள். ஐஸ்கிரீமும் டிகிரி காபியும் வாயில் செய்வதைச் சுருக்கமாகச் செய்து காட்டும் வேலை இது. பத்தாயிரம் முறை என்பது ஏறக்குறைய ஓராண்டு வாழ்க்கைக்குச் சமம் என்று ஒரு மதிப்பீடு உண்டு, மதிப்பீடுதான்.

கடைசியில் யூடிஎம். உலோகக் கம்பியையும் பிளாஸ்டிக் பட்டையையும் இழுத்து முறித்து வலிமை காணும் இயந்திரம். பல பல் மருத்துவக் கல்லூரிகளில் இது கிடையாது. கட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிண்டியில் பிளாஸ்டிக் துறைக்கான சிப்பெட் நிறுவனத்துக்கோ ஏதாவது பொறியியல் கல்லூரிக்கோ போவார்கள். உளி போன்ற ஒரு முனை, எனாமலும் காம்போசிட்டும் சந்திக்கும் கோட்டில் வந்து நின்று, நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. 'டக்'கென்று உடைகிறது. 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள காம்போசிட் உருளைக்கு ஒட்டுப்பரப்பு சுமார் 7 சதுர மில்லிமீட்டர். அதைப் பிய்க்க 141 நியூட்டன், அதாவது ஏறக்குறைய பதினான்கரை கிலோ எடையின் விசை தேவைப்பட்டால், ஒட்டுவலிமை 20 மெகாபாஸ்கல். நன்றாக எட்ச் செய்த எனாமலில் காம்போசிட்டுக்கு இதையொட்டிய எண்தான் அடிக்கடி வரும்.

ஜிஐசி அதே இயந்திரத்தில் பரிதாபமாகத் தோற்கும். 5 மெகாபாஸ்கல் வந்தாலே பெரிது. அட்டவணையை மட்டும் பார்த்தால் அதைத் தூக்கி எறிந்துவிடத் தோன்றும். ஆனால் பல்லின் கழுத்தோரத் தேய்வுகளை அடைத்து ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், விழாமல் நிற்பதில் ஜிஐசி முன்வரிசையில் இருக்கிறது. மெகாபாஸ்கலில் அதை மிஞ்சிய சில ரெசின் ஒட்டுப்பொருள்கள் வாயில் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. புதிர் அவிழும் இடம், உடைந்த துண்டை ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில் வைக்கும்போது. ஜிஐசி எனாமலிலிருந்து கழன்று வந்திருக்காது. அதன் உடம்புக்குள்ளேயே உடைந்திருக்கும், ஒரு மெல்லிய படலம் பல்லின் மேல் அப்படியே இருக்கும். இயந்திரம் அளந்தது ஒட்டின் வலிமையை அன்று, சிமென்ட்டின் நொறுங்கும் தன்மையை. அட்டவணையில் கொட்டை எழுத்தில் நிற்கும் மெகாபாஸ்கலைவிட, எங்கே உடைந்தது என்று சொல்லும் சிறிய பத்தியே எனக்கு முக்கியம். பல ஆய்வேடுகளில் அது கடைசிப் பக்கங்களில் ஒளிந்திருக்கும்.

இயந்திரம் காணாத இன்னொன்று கசிவு. காம்போசிட் கெட்டியாகும்போது கொள்ளளவில் 2 முதல் 3 சதவீதம் வரை சுருங்குகிறது. சுருங்கும்போது குழியின் சுவர்களை உள்ளே இழுக்கிறது. எங்கே பிடி தளர்ந்ததோ அங்கே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழும். அடைத்த பல்லில் சொத்தை மீண்டும் தொடங்குவது பெரும்பாலும் இந்த ஓரத்தில்தான். அடைப்பின் நடுவில் எதுவும் நடப்பதில்லை. இதைக் காணும் முறை எளிது. அடைத்த பல் முழுவதும் நெயில் பாலிஷ் பூசி, அடைப்பின் ஓரத்தைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் மட்டும் விட்டுவிட்டு, மெத்திலீன் புளூவில் ஒரு நாள் ஊறப்போட்டு, வைரத் தகட்டால் நெடுக்காக அறுக்க வேண்டும். நீலம் எவ்வளவு தூரம் ஊர்ந்திருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடலாம். பல் ஆய்வுக்காக ஃபேன்சி ஸ்டோரில் நெயில் பாலிஷ் வாங்குபவரைக் கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பதில் வியப்பில்லை. இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் வைக்காமல் அடுக்கடுக்காக வைத்து ஒளி காட்டுவது, ஒளி அடிவரை எட்டுவதற்கும் இந்தச் சுருக்கத்தை அடக்குவதற்கும்தான்.

குழுவுக்குப் பத்துப் பல், நான்கு கம்பெனிப் பொருள், புள்ளியியல் வித்தியாசம் உண்டு, 'மேலும் வாய்க்குள் ஆய்வுகள் தேவை' என்ற கடைசி வரி: இந்த வார்ப்பில் ஆண்டுதோறும் கட்டுரைகள் குவிகின்றன. ஒரே பொருளுக்கு ஓர் ஆய்வகத்தில் 15 வரும், இன்னொன்றில் 30 வரும். உளியின் கூர்மை, உருளையின் விட்டம், யாருடைய கை என்று எல்லாமே எண்ணை மாற்றும். ஆகவே ஒரே ஆய்வுக்குள் ஒன்றையொன்று ஒப்பிடலாம். ஒரு கட்டுரையின் எண்ணை எடுத்து இன்னொன்றின் எண்ணோடு மோதவிட முடியாது. இதை மாணவர்களின் குறையாக நான் சொல்லவில்லை. மூன்றாண்டுக்குள் முடித்தாக வேண்டிய ஆய்வேட்டுக்குப் பத்தாண்டு காத்திருந்து நோயாளியைக் கவனிக்கும் வாய்ப்பு எங்கே?

ஆனால் தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு ராச்செஸ்டரிலும் லண்டனிலும் கேட்ட கேள்விகளையே மறுபடி கேட்பது வீண் என்று சொல்வேன். நம் பாட்டிலில் கிடக்கும் பற்களில் அவர்களிடம் எளிதில் கிடைக்காத ஒன்று இருக்கிறது.

1937இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் ஒரு கட்டுரை வந்தது. அன்றைய மதராஸ் மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில், முதுகு விறைத்து மூட்டு இறுகிப்போன மனிதர்களைப் பற்றியது. காரணம் கிணற்று நீரில் இருந்த ஃப்ளூரைடு. நோயின் பெயர் ஃப்ளூரோசிஸ். எழுதியவர்களில் முதல்வர் எச். இ. ஷார்ட், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் இயக்குநர். மலேரியா ஒட்டுண்ணி மனிதக் கல்லீரலில் ஒளிந்து வளர்வதை 1948இல் சக ஆய்வாளர் கார்ன்ஹாமோடு சேர்ந்து காட்டியதற்காக உலகம் அறிந்த அதே ஷார்ட். இந்தியாவில் ஃப்ளூரோசிஸ் ஆராய்ச்சி இப்படித் தென்சென்னைப் பக்கத்திலிருந்துதான் தொடங்கியது. தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் அதே கதையைச் சொல்கின்றன. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளூரைடு ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேலே போன தண்ணீரைச் சிறுவயதில் குடித்தவர்களுக்கு வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையுமாகப் பல் முளைக்கிறது.

கறை வெளித் தோற்றம் மட்டுமே. உள்ளே, எனாமலைக் கட்டிக்கொண்டிருந்த செல்களின் வேலையையே ஃப்ளூரைடு குலைத்திருக்கிறது. மேலே மெல்லிய, மிகையாகத் தாதுவேறிய, அமிலத்துக்கு எளிதில் மசியாத தோல். அதற்குக் கீழே புரதம் முழுதாக வெளியேறாத, துளை நிறைந்த, வலுவற்ற அடுக்கு. 15 விநாடி, 30 விநாடி என்று டப்பாவில் அச்சிட்டிருக்கும் எட்ச் நேரம் சாதாரண எனாமலுக்குச் சரி. இந்த எனாமலில் அதே நேரத்தில் அமிலம் மேல்தோலைக்கூடச் சரியாகத் துளைக்காமல் போகலாம். நேரத்தை நீட்டினால் தோல் கரைந்து, கீழே இருக்கும் பலவீனமான அடுக்கில் ரெசின் வேர் பிடிக்கும். இழுத்தால் அந்த அடுக்கோடு பெயர்ந்து வரும். கென்யாவிலும் சவூதியிலும் இந்தியாவிலும் இதைச் சோதித்தவர்களின் விடைகள் ஒத்துப்போகவில்லை. லேசான ஃப்ளூரோசிஸில் வித்தியாசம் பெரிதாக இல்லை. கடுமையானதில் பிடிமானம் குறைகிறது. நேரத்தை எவ்வளவு கூட்டுவது, மேல்தோலை முதலில் தேய்த்து நீக்கிவிடலாமா என்பதில் ஆளுக்கொரு பதில். தனியாக அமிலம் வைக்காத செல்ஃப் எட்ச் பொருள்களில் மென்மையானவை சாதாரண எனாமலிலேயே ஆழமாக அரிப்பதில்லை. ஃப்ளூரோசிஸ் பல்லில் அவற்றை நம்பி இறங்குவது துணிச்சல்.

தர்மபுரியிலும் சேலத்திலும் பிறந்து, சேலையூரிலும் மேடவாக்கத்திலும் குடியேறியவர்கள் ஏராளம். அவர்கள் பிள்ளைகளின் முன்கடைவாய்ப்பற்களும் இதே பாட்டிலில்தான் விழுகின்றன. ஆய்வுக்குப் பொறுக்கும்போது கறை தெரிந்தவை ஒதுக்கப்படும். மெல்லிய வெண்கோடு மட்டும் உள்ளவை தப்பித்து உள்ளே போய்விடும். ஒரே குழுவில் ஒன்று 12 மெகாபாஸ்கலும் இன்னொன்று 28உம் காட்டினால் சராசரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தச் சிதறலில் ஒரு பகுதி தண்ணீரால் வந்ததா என்று கேட்க வழியில்லை. ஏனென்றால் பாட்டிலில் ஊர்ப் பெயர் இல்லை.

இருந்திருந்தால் இப்போது அருமையான ஒரு சோதனை தானாகவே அமைந்திருக்கும். முதல் முன்கடைவாய்ப்பல்லின் மகுடம் ஒன்றரை வயது வாக்கில் உருவாகத் தொடங்கி, ஐந்தாறு வயதுக்குள் முடிந்துவிடும். அந்த ஆண்டுகளில் குடித்த தண்ணீர் அதில் பதிந்துவிடுகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆழ்துளைக் கிணற்றை விட்டுக் காவிரித் தண்ணீருக்கு மாறிய ஊர்களில், அதன் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இப்போதுதான் கிளிப் போடும் வயது வருகிறது. ஒரே வீட்டில் அக்காவின் பல் கிணற்று நீரில் உருவானது, தம்பியின் பல் ஆற்று நீரில். இரண்டும் ஒரே ஆய்வகத்துக்கு வருமானால், எட்ச் நேரம் பற்றிய வாக்குவாதத்துக்குக் கம்பெனிக் கையேட்டைவிட நல்ல சாட்சி கிடைக்கும்.

இதற்குப் புது இயந்திரம் தேவையில்லை. எட்டு வயது வரை எந்த ஊர், எந்தத் தண்ணீர் என்று கேட்டு, பெயரை விட்டுவிட்டு, வயதையும் ஊரையும் மட்டும் சீட்டில் எழுதினால் போதும். ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி கூடும். ஒரு சிக்கல் உண்டு. ஃப்ளூரோசிஸின் அளவைத் தரம் பிரிக்க 1978இல் தைல்ஸ்ட்ரூப்பும் ஃபேயர்ஸ்கோவும் வகுத்த அட்டவணை, பல்லைத் துடைத்து உலர்த்திப் பார்க்கச் சொல்கிறது. ஈரத்தில் லேசான வெண்கோடுகள் மறைந்துவிடும். பாட்டிலில் வந்த பல்லையோ உலர விடக் கூடாது. எனவே தரம் பிரிக்கும் வேலை ஆய்வகத்தில் நடக்க முடியாது. பிடுங்குவதற்கு முன்னால், பிள்ளை நாற்காலியில் வாயைத் திறந்திருக்கும்போதே, கிளிப் போடும் துறையில் இருப்பவர் பஞ்சால் துடைத்துப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.